ஓய்வு கேட்டு ஏழு விண்ணப்பங்கள்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும், நான் மை உரைக்கும் மைக்கல் இரண்டாகப் பிளக்கட்டும். பாங் யூஹெங்கின் மனைவி ருவான் அம்மாளே, ஜாடியில் கடுகுக்கீரைக்கு உப்புப் போட்டு அமுக்கியபடி, எனக்கு நேரில் சொன்னது இது.

யுன்ஷி ஊர் அதிகாரியின் அலுவலகத்தில் பாங் முப்பத்தெட்டு வருடம் தூரிகை பிடித்தவர். கோயில் பலகை, பாலத்துக் கல்வெட்டு, செத்தவர்களின் புகழுரை எல்லாம் அவர் கைதான். ஒருமுறை அவர் எழுதிய 'கொக்கு' என்ற சீன எழுத்து காகிதத்தைவிட்டுப் பறந்துபோய், குளத்தில் இரண்டு மீன் தின்றுவிட்டு வந்து, பழைய இடத்திலேயே உட்கார்ந்து காய்ந்தது. பாங் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அதுக்குப் பறக்க முடியுது. எனக்கு எந்திரிக்கவே முடியல," என்றார்.

வயது அறுபத்தாறு. மணிக்கட்டு வாத்து முட்டையாக வீங்கியிருந்தது. தூரிகையைத் தூக்கினால் நிறைகுடத்தைத் தூக்குவதுபோல் தோள் இறங்கியது. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, ஓய்வு. வாயால் கேட்டுப் பார்த்தார்.

"முறைப்படி எழுதிக் குடுங்க பாங் ஐயா," என்று அதிகாரி மூ ஆசையாய்ப் புதுக் காகிதம் நீட்டினார்.

எழுதிக் கொடுத்தார். மூ அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கண் கலங்கினார்.

"இந்தக் கோடு... மழை ஓஞ்ச மலை மாதிரியில்ல இருக்கு!"

"அதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சீங்களா ஐயா?"

"வாசிக்கறதா? பாக்கறதுக்கே ஒரு ஜென்மம் பத்தாதே!"

பட்டில் ஒட்டி, ஓரத்தில் தம் சிவப்பு முத்திரையைக் குத்தி, சுவரில் மாட்டிவிட்டார். இப்படியே ஐந்து விண்ணப்பங்கள். 'என்னை விட்டுவிடுங்கள்' என்பதன் கீழே உட்கார்ந்து விருந்தாளிகள் தேநீர் குடித்தார்கள்.

ஆறாவதை பாங் வேண்டுமென்றே கெடுத்தார். இடது கை, கோழி இறகுத் தூரிகை. எழுத்துகள் குடிகாரர்களாய் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. மூ தரையில் மண்டியிட்டார்.

"தெறமையெல்லாம் உதுந்து, கொழந்தை கைக்குத் திரும்பிட்டீங்க! நூறு வருஷத்துல ஒருத்தருக்குத்தான் இது வாய்க்கும்!"

தலைநகரிலிருந்து ஆட்கள் நகலெடுக்க வந்தார்கள். வேலை இரட்டிப்பானது.

பாங் வீட்டுக்கு வந்து மேசையில் தலையைச் சாய்த்தார்.

"என்ன கெழவரே, இன்னைக்கும் புகழ்ந்துட்டாங்களா?" என்றாள் ருவான்.

"ரொம்ப."

"அடப் பாவமே. நகருங்க."

காய்கறிக் கணக்கு எழுதும் மொண்ணைத் தூரிகையை எடுத்தாள். முட்டைக்கோஸ் அடுக்கியதுபோல் குண்டுகுண்டாக எழுதினாள்: 'கை வலிக்கிறது. இனி முடியாது. ஓய்வு வேண்டும். பாங்.'

மறுநாள் மூ அதை வெளிச்சத்தில் பிடித்தார். தலைகீழாகப் பிடித்தார். பார்க்க அதில் ஒன்றுமே இல்லை. வேறு வழியில்லாமல் வாசித்தார்.

"அடடா பாங் ஐயா, ஓய்வா வேணும்? இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

அனுமதி முத்திரை விழுந்தது. பாங் வீட்டுக்குப் போய் ஒன்பது நாள் தூங்கினார். அவருடைய நல்ல தூரிகையால் ருவான் ரொட்டிக்கு எண்ணெய் தடவினாள்.

பாங் யூஹெங் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் மைக்கல்லா? அது எப்போதோ இரண்டாகப் பிளந்துவிட்டது.