மூன்றில் ஒரு பங்கு பார்வதியம்மாள்

1

இந்தக் கதை எனக்கு ஓர் அட்டைப்பெட்டியில் கிடைத்தது என்று தொடங்கினால் எடுப்பாக இருக்கும். ஆனால் பெட்டிக்குள் மைசூர்பாகும் மிக்சரும்தான் இருந்தன. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மும்பை மாட்டுங்காவில் ஒரு கம்பெனியின் ஆண்டுப் பொதுக்கூட்டம், வந்தவர்களுக்கு டிபன் உண்டு என்று கேள்விப்பட்டுப் போனேன். கதை எழுதும் உத்தேசம் எதுவும் இல்லை.

கடமைக்கு ஓர் அறிவிப்பு. அந்தக் கம்பெனியில் எனக்கும் கொஞ்சம் பங்குகள் உண்டு. (எத்தனை என்று கேட்காதீர்கள், சொன்னால் சிரிப்பீர்கள்.) ஆகவே கீழே வரும் எதையும் முதலீட்டு ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இலக்கிய ஆலோசனையாகவும் வேண்டாம்.

கம்பெனியின் பெயர் முப்பிடாதி எலாஸ்டோமர்ஸ் லிமிடெட். முப்பிடாதி அம்மன் திருநெல்வேலிப் பக்கத்தவள். எலாஸ்டோமர்ஸ் எந்தப் பக்கம் என்று முதலாளி ஆறுமுகநயினாருக்கே தெரியாது. பங்குச்சந்தைக்குப் போகும்போது பெயரில் ‘ரப்பர்’ இருந்தால் மதிப்பில்லை என்று யாரோ சொல்ல, மாற்றிக்கொண்டார். செய்வது குக்கர் ரப்பர். உங்கள் வீட்டுக் குக்கர் மூடிக்குள் ஒரு கறுப்பு வளையம் இருக்குமே, அதுதான். ஒழுங்காக இருக்கும்வரை யாரும் அதை நினைப்பதில்லை. ஆவி பக்கவாட்டில் சீறும்போதுதான் அப்படி ஒன்று இருப்பதே ஞாபகத்துக்கு வரும்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: “மும்பையில் மழை விடாமல்—”

அடித்துவிட்டேன். மும்பையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் நனைந்துகொண்டேதான் உள்ளே வருகிறார்கள்.

அடுத்தது: “ஆறுமுகநயினார் வெறுங்கையோடு தாராவிக்கு வந்தவர். அன்றிலிருந்து இன்றுவரை—”

இதுவும் போயிற்று. அவர் வெறுங்கையோடு வரவில்லை. மாமா வீட்டு முகவரியும் மாமியின் பேரில் ஒரு டின் முறுக்கும் கொண்டுவந்தார்.

மூன்றாவது தொடக்கத்தை எழுதியது நான் இல்லை, கம்பெனியின் கணக்குத் தணிக்கையாளர். ஆண்டறிக்கையின் நடுப்பக்கத்தில் அவர் எழுதியிருந்தார்: “இந்நிறுவனம் தொடர்ந்து இயங்க முடியுமா என்பதில் கணிசமான ஐயம் உள்ளது.” இப்படி ஒரு முதல் வாக்கியம் எனக்கு வாய்த்ததே இல்லை.*

* என் பல கதைகளின் தலைப்புக்குக் கீழே இதைப் போட்டிருக்கலாம்.

ஐயத்துக்குக் காரணம் எளிது. வளையங்களை வாங்கும் குக்கர் கம்பெனிகள் மூன்று மாதம் கழித்துத்தான் பணம் தரும். ரப்பர் வியாபாரி சரக்கு இறங்கும்போதே கேட்பான். இடையில் இருக்கும் பள்ளத்தை வங்கிக் கடன் நிரப்பிக்கொண்டிருந்தது. இந்த வருடம் வங்கி அந்தக் கடனைப் பாதியாக வெட்டிவிட்டது. கம்பெனியின் தேவ்நார் பட்டறையில் முப்பது பேருக்குச் சம்பளம் இரண்டு தவணையாகப் போகிறது. விற்பனைக்குக் குறைவில்லை. விற்றது பணமாகி வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வழியில்லை, அவ்வளவுதான்.

3

(இங்கே பங்கு வெளியீட்டின் வகைகளை விளக்கி நீளமாக எழுதியிருந்தேன். படித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்த நண்பர் நாற்காலியிலேயே தூங்கிப்போனார். எடுத்துவிட்டேன்.)

4

நெருளிலிருந்து மகேஷ்குமார் வந்தான். ஆன்லைன் கடைகளுக்குப் பார்சல் அடுக்கி வைக்கும் கிடங்குகள் வைத்திருக்கிறவன். இங்கேயே பிறந்த பிள்ளை, தமிழ் பேசுவான், எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். நயினாரின் செம்பூர் வீட்டு சோபாவில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அங்கிள், டென்ஷன் மத் லோ, கவலைய விடுங்க. பைசா நான் போடறேன். புது ஷேர் எல்லாம் என் பேருக்குக் குடுங்க. கம்பெனி பேரு அதே, சேர்மன் சீட்டு அதே. சம்பளம், ரப்பர் எல்லாம் ஃபர்ஸ்ட் கிளாஸ் ஓடும்.”

நயினாருக்குக் கண் கலங்கிவிட்டது. காப்பி கொண்டுவந்த அவர் மனைவி பார்வதியம்மாள் தட்டோடு அங்கேயே நின்றாள்.

“ரப்பரு தொடந்து ஓடுமாப்பா?”

“ஓடும் ஆன்ட்டி. ஃபில்ஹால் ஓடும்.”

காய்கறிக்காரர்களோடு முப்பது வருடம் மல்லுக்கட்டிய இந்தி அவளுடையது. “பில்ஹால்னா இப்பத்திக்கிலா? அப்பறம்?”

மகேஷ் சிரித்தான். “அப்புறம் பார்சல் பிஸினஸ், ஆன்ட்டி. தேவ்நார் ஷெட்டு லொக்கேஷன் சாலிட்.”

அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. கேட்டதற்கு ஒளிக்காமல் பதில் சொன்னான். கேட்க வேண்டியவர்தான் ‘சேர்மன் சீட்டு அதே’ என்ற இடத்திலேயே காதை மூடிக்கொண்டுவிட்டார்.

5

பார்வதியம்மாளை நான் ஒரு வரிப் பாத்திரமாகத்தான் வைத்திருந்தேன். காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டியவள். போகவில்லை. விசாரித்தபோதுதான் தெரிந்தது, கம்பெனியில் மூன்றில் ஒரு பங்கு அவள் பெயரில் இருக்கிறது. பங்கு வெளியிட்ட காலத்தில், எல்லாம் ஒரே பெயரில் வேண்டாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறாள். நயினாரிடம் இருப்பதே அதைவிடக் குறைவு. இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

ஒவ்வொரு வருடமும் கூட்டத்துக்கு முன்னால் அவர் ஒரு தாளை நீட்டுவார். அவளுக்குப் பதிலாக அவர் வாக்களிக்கலாம் என்பதற்கான தாள். இந்த வருடமும் நீட்டினார்.

“இதுல ஒரு கையெழுத்துப் போடு.”

“இந்த வாட்டி நான் வாரேன்.”

“எங்க?”

“மீட்டிங்குக்குத்தான்.”

“அங்க வந்து என்ன செய்யப் போற?”

“டிபன் உண்டும்லா?”

ஒருவருக்கே புதுப் பங்குகளைக் கொடுக்கும் தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும் என்பது இவளுக்கு எப்படித் தெரியும்? என் கதையை நானே நம்பாமல் கம்பெனிச் செயலாளர் பிரேமலதாவிடம் கேட்டேன். மாட்டுங்காக்காரர், எதையும் அளந்துதான் பேசுவார்.

“மேடம் எனக்கு போன் பண்ணினா. ஒரே ஒரு கேள்விதான். ‘நான் வேண்டாம்னா தீர்மானம் நின்னுருமா?’ நின்னுடும் மேடம்னேன். தாங்க்ஸ்னு சொல்லி வச்சுட்டா.”

“முதலாளிகிட்ட சொன்னீங்களா?”

“ஷேர்ஹோல்டர் கேட்டா பதில் சொல்றது என் டியூட்டி. அதைப் போய் இன்னொரு ஷேர்ஹோல்டர்கிட்ட சொல்றது என் டியூட்டி இல்லை.”

6

மாட்டுங்கா மண்டபத்தில் நாற்பது பேர் இருந்திருப்போம். பாதிப் பேர் தாராவிக்காரர்கள். ‘நம்ம ஆளு கம்பெனி’ என்று அன்றைக்குப் பங்கு வாங்கி, விலை விழுந்த பிறகும் விற்கத் தோன்றாமல் வைத்திருக்கிறவர்கள். மேடையில் நயினார் கோட்டுப் போட்டிருந்தார். ஒருவர் டிவிடெண்ட் எங்கே என்றார். இன்னொருவர் மிக்சரில் முந்திரி எங்கே என்றார். இரண்டுக்கும் ஒரே பதில்தான்.

தீர்மானத்தைப் படித்து முடித்ததும் இரண்டாவது வரிசையில் பார்வதியம்மாள் எழுந்தாள். நயினார், பழக்க தோஷத்தில், மைக்கில் சொன்னார்: “உறுப்பினர் தங்கள் பெயரையும் பங்குக் கணக்கு ஃபோலியோ நம்பரையும் சொல்லவும்.”

மண்டபம் ஒரு நொடி திகைத்துப் பிறகு குலுங்கியது.

“பார்வதியம்மாள். நம்பரு தெரியாது. நீங்கதான வாங்கிக் குடுத்தீய.”

அவர் கோட்டுப் பொத்தானைத் தடவினார். “கேள்வி என்ன?”

“இந்தப் பணம் வந்த பொறவு ரப்பரு எத்தன நாளைக்கு ஓடும்?”

“அதப் போர்டு முடிவு செய்யும்.”

“போர்டுல யாரு இருப்பா?”

நயினார் மகேஷைப் பார்த்தார். மகேஷ் கூரையைப் பார்த்தான். பார்வதியம்மாள் முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை பேர் முன்னால் அவள் பேசுவது இதுதான் முதல் தடவை. அதுவும் அவருக்கு எதிராக.

“அப்பம் இது கம்பெனிக்குப் பணம் போடுதது இல்ல. கம்பெனிய விக்கது. விக்கணும்னா விப்போம், நான் வேண்டாங்கல. ஆனா விக்கோம்னு எழுதிட்டு விப்போம். இதுல அப்படி எழுதல.”

(இந்த இடத்தில் கைதட்டல் கேட்டது என்று எழுதி, பிறகு எடுத்துவிட்டேன். யாரும் தட்டவில்லை. பின்வரிசையில் ஒருவர் இருமினார்.)

வாக்குச் சீட்டுகளைப் பிரேமலதா எண்ணினார். தீர்மானம் தோற்றது. அவள் ஒருத்தியாலேயே தோற்றது. மகேஷ் வந்து அவளுக்குக் கை கொடுத்தான். “ஆன்ட்டி, நீங்க போர்டுல இருந்திருந்தா நான் இங்க வராம நெருள்லயே இருந்திருப்பேன்” என்று சொல்லி டிபன் பெட்டியை வாங்கிக்கொண்டு போனான்.

இப்போது முப்பது பேரின் சம்பளத்துக்கு வழி இல்லை. அது அவளுக்கும் தெரியும். வெற்றி பெற்றவளின் முகமாக அது இல்லை.

7

இருவரும் ஒரே டாக்ஸியில்தான் வீடு திரும்ப வேண்டியிருந்தது.  சயான் சர்க்கிளில் வண்டி மாட்டிக்கொண்டு நின்றது.

“நான் உன்ன என்ன கொறைல வச்சிருந்தேன்?” என்றார்.

“கொறை ஒண்ணுமில்ல.”

“நாப்பது பேரு முன்னால மானத்த வாங்கிட்டியே.”

“நீங்கதான ஃபோலியோ நம்பரு கேட்டீய.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. கோபமாக இருப்பதால் வெளியே திரும்பிக்கொண்டார். பிறகு சன்னமாகக் கேட்டார். “சரி, ஷேர்ஹோல்டர் அம்மா. அடுத்த மாசம் என்ன செய்ய?”

“இருக்கவங்ககிட்டயே கேளுங்க. இப்ப மண்டபத்துல பிரேமலதா சொல்லுச்சு, பழைய ஆளுங்களுக்கே கொறஞ்ச வெலைக்குப் புது ஷேர் குடுக்கலாமாம்லா. ரைட்ஸோ என்னமோ.”

“கேக்கவா?” அவர் குரல் இறங்கிவிட்டது. “ஜெயினுலாப்தீன்கிட்ட, லூசியம்மாகிட்ட, அந்தத் தெருவுல எல்லாருகிட்டயும்? ஒரு வாட்டி நம்பிப் போட்டாவோ. அது பாதியாப் போச்சு. மறுபடி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேக்க? வெக்கமா இருக்குட்டி.”

“ஒருத்தன்கிட்ட மொத்தமாக் குடுக்க வெக்கமில்ல. முந்நூறு பேருகிட்டக் கேக்கத்தான் வெக்கமாக்கும்?”

டாக்ஸி நகர்ந்தது. அவர் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

8

பிரேமலதா புதுப் பங்குக்கான காகிதங்களைத் தயார் செய்து எல்லோருக்கும் அனுப்பினார். ஆங்கிலத்தில் கனமாக இருந்ததால் யாரும் படிக்கவில்லை. ஆகவே நயினார் நேரில் கிளம்பினார். பார்வதியம்மாளும் கூடப் போனாள்.

முதல் வீடு ஜெயினுலாப்தீனுடையது. தாராவியில் பை தைக்கும் பட்டறைக்கு மேல்மாடி. டீ வந்தது. நயினார் அவருடைய முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தார், வைத்தியம் சொன்னார், எழுந்து வந்துவிட்டார். சுனாபட்டியில் லூசியம்மாள். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே பேரனின் பரீட்சையைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்தார்.

“நீயாவது ஆரம்பிச்சுக் குடுக்கக்கூடாதா?” என்றார் படியிறங்கும்போது.

“நான் கேட்டா பாவம்னு போடுவாவோ. நீங்க கேட்டாத்தான் யோசிச்சுப் போடுவாவோ.”

அதே சந்தில் நான்கு வீடு தள்ளி தனசீலன். ரயில்வேயில் இருந்தவர், எதையும் இரண்டு முறை கேட்கிறவர். பிஸ்கட்டு வந்தது. நயினார் முழங்காலைப் பற்றி ஆரம்பித்தார். தனசீலனுக்கு முழங்கால் நன்றாக இருந்தது. வேறு வழியில்லாமல் நயினார் பிஸ்கட்டைத் தட்டில் வைத்தார்.

“சார், கம்பெனி கஷ்டத்துல இருக்கு. பேங்கு கைய விரிச்சிட்டு. இப்பப் போடுத பணம் திரும்பி வரலாம், வராமலும் போகலாம். வரும்னு நான் சொன்னா அது பொய்யி. ஆனா ஆர்டர் இருக்கு, ஆளு இருக்கு, ஓட்டணும்னு ஆசையா இருக்கு. போடுங்கன்னு கேக்கத்தான் வந்தேன்.”

தனசீலன் கேட்டார். “வராமலும் போகலாமா?”

“போகலாம் சார்.”

“யோசிச்சுச் சொல்றேன்.”

தெருவுக்கு வந்ததும் நயினார் நிமிர்ந்து நடந்தார். “யோசிக்கேன்னுட்டாரு பாத்தியா!” என்றார், கையில் காசோலையே வந்துவிட்டதுபோல.

“பாத்தேன். அடுத்த வீடு யாரு?”

9

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன். ஒன்றில் பெரிய குக்கர் கம்பெனி ஒன்று முன்பணத்தோடு ஆர்டர் அனுப்புகிறது. எனக்கே கூச்சமாக இருந்தது. இன்னொன்றில் தேவ்நார் பட்டறை பூட்டப்படுகிறது, பார்வதியம்மாள் தன் வாக்கை நினைத்து—

வேண்டாம். அந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனசில்லை.

மூன்றாவதில், போதுமான பணம் சேர்கிறது, ஆனால் அடுத்த வருடத்துக்கு மட்டும். எனக்குப் பிடித்தது அதுதான். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவன் நான் இல்லை. புதுப் பங்குக்கு விண்ணப்பம் வாங்கும் தேதி இதை எழுதும்போது இன்னும் முடியவில்லை. நான் பணம் போட்டேனா என்று கேட்டால் சொல்ல மாட்டேன், சொன்னால் உங்களை இழுத்துவிட்டதாக ஆகும்.

அவர்கள் தெருத் தெருவாக வந்துகொண்டிருக்கிறார்கள். அடுத்த வீடு உங்களுடையது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மணி அடித்தால் திறங்கள். உட்காரச் சொல்லுங்கள். அவர் உங்கள் முழங்காலைப் பற்றித்தான் விசாரிப்பார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அவர் கேட்கும்வரை கொஞ்சம் பொறுத்திருங்கள். அந்த அம்மாள் உதவிக்கு வர மாட்டாள். கேட்ட பிறகு நீங்கள் என்ன சொன்னீர்களோ, அதை இதற்குக் கீழே எழுதிக்கொள்ளலாம். இடம் விட்டிருக்கிறேன்.