பதினெட்டு மாடி, நூறு தடவை

பயில்வானுக்கும் ஒல்லிக்கும் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. பன்னிரண்டு வருஷமாக ஒரே ஜோடி. ஒருவன் லிஃப்ட் குழிக்குள் இறங்கினால், யாரும் கரண்டைப் போட்டுவிடாதபடி மற்றவன் மொட்டைமாடி மோட்டார் அறையில் மெயின் ஸ்விட்சைக் காவல் காப்பான். லிஃப்ட் நின்றுபோன கட்டடங்களில் கனத்த சாமான்களைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியேறுவது எப்போதும் பயில்வான்தான். அதனால்தான் அந்தப் பெயர். ஒல்லி திருப்புளிப் பையோடு பின்னால் வந்து, நாலு மாடிக்கு ஒருமுறை உட்கார்ந்து மூச்சு வாங்குவான்.

அந்த ஒல்லிதான் ஒருநாள் முதலாளி முன்னால் நின்று, பதினெட்டு மாடிக் கட்டடத்தை ஒரே நாளில் நூறு தடவை ஏறப்போவதாகச் சொன்னான். ஏறுவது படியில், இறங்குவது லிஃப்டில். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் அந்தக் கட்டடத்து அலுவலகங்கள் இவ்வளவு என்று தரும். அங்கே கூட்டிப் பெருக்குகிறவர்களின் பிள்ளைகளில் பதினோரு பேர் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றிருந்தார்கள். அவர்களைத் திரும்பச் சேர்க்கத்தான் அந்தப் பணம்.

பயில்வான் சிரித்துவிட்டான். "நாலாவது மாடியில நாற்காலி போட்டு வைக்கட்டுமாடா?"

ஒல்லியும் சிரித்தான். ஆனால் அவன் ஒரு வருஷமாக விடியற்காலையில் படியேறிப் பழகி வந்திருந்தான். தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பது பயில்வானுக்கு முதல் முள்ளாகத் தைத்தது.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் ஒல்லி பேச்சுத்தான். இத்தனை வருஷமாகத் தலைநிமிர்ந்து பார்க்காத அந்தக் கட்டடத்து வரவேற்புப் பெண், "நீங்க அவரோட கூட வேலை செய்யறவர்தானே?" என்று கேட்டாள். முதலாளி ஒல்லியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். வீட்டுக்கு வந்தால், மகள் தரையில் பெரிய அட்டையை விரித்து, 'எங்க சித்தப்பா ஜெயிப்பார்' என்று வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"கூடப் பொறந்தவனா அவன்? என்ன சித்தப்பா?" என்று எரிந்து விழுந்தான் பயில்வான்.

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நேத்து வரைக்கும் நீங்கதானே அப்படிக் கூப்பிடச் சொன்னீங்க?"

"நான் தூக்கின மூட்டையை எவனாவது எண்ணினானா? இவன் வெறுங்கையை வீசிக்கிட்டு ஏறப்போறான், ஊரே கை தட்டுது."

அவள் வந்து மகளுக்கு அடுத்த வண்ணத்தை எடுத்துக் கொடுத்தாள். அதுவும் அவனுக்குக் குத்தியது.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்ததும் யாருக்கும் தெரியாமல் அதே படிகளில் ஏறிப் பார்த்தான். ஆறாவது ஏற்றத்தில் தொடை இழுத்துக்கொண்டது. பதினோராவது மாடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீவிக்கொண்டான். இத்தனை நாள் ஒல்லி தோற்றுவிடுவான் என்று நினைத்திருந்தான். தோற்க வேண்டும் என்று நினைக்கத் தொடங்கியது அங்கேதான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கட்டடத்தின் இரண்டு லிஃப்டில் ஒன்றை ஏற்கெனவே பிரித்துப் போட்டிருந்தார்கள். இன்னொன்றைப் பார்த்துக்கொள்ள முதலாளி அனுப்பிய ஆள் பயில்வான். மோட்டார் அறைக்குள் அவன் உட்கார்ந்திருக்க, ஒல்லி ஒவ்வொரு முறை லிஃப்டில் கீழே வந்து சேரும்போதும் வாசலில் எழும் ஆரவாரம் மொட்டைமாடி வரைக்கும் கேட்டது. கூட்டத்தில் மகளின் குரல் தனியாகத் தெரிந்தது.

எழுபத்திரண்டாவது ஏற்றம் நடந்துகொண்டிருந்தபோது மதியம் மூன்று மணி. பயில்வான் எழுந்தான். லிஃப்ட் கீழே காலியாக நிற்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்தான். மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டான். ஏன் இறக்கினாய் என்று அந்த நொடியில் யாராவது கேட்டிருந்தால் அவனால் சொல்லியிருக்க முடியாது. வயிற்றில் இருந்த எரிச்சல் கைக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

கதவிடுக்கு வழியாகக் கேட்டான். ஒல்லி பதினெட்டுக்கு வந்து லிஃப்ட் பொத்தானை அழுத்தினான். மறுபடி அழுத்தினான். பிறகு, படியில் ஒவ்வொரு காலாக ஊன்றி இறங்கும் சத்தம்.

இறங்குவது முட்டியை ஏறுவதைவிட மோசமாகத் தின்னும். அது இருவருக்கும் தெரியும். ஒல்லி இறங்கினான், ஏறினான், மறுபடி இறங்கினான். லிஃப்ட் கெட்டும் மனுஷன் நிற்கவில்லை என்ற செய்தி பரவி, கீழே கூட்டம் இரண்டு மடங்காயிற்று. பயில்வான் நினைத்தது ஒன்று, நடந்தது வேறு. நாற்பது நிமிஷம் கழித்து ஸ்விட்சைத் தூக்கிவிட்டான்.

இரவு கவிவதற்குள் நூறும் முடிந்தது. ஒல்லியை இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். முதலாளி பேசும்போது, "பழுதான லிஃப்டை நாற்பதே நிமிஷத்துல சரி பண்ணின நம்ம பயில்வானுக்கும் ஒரு கைதட்டல்!" என்றார். எல்லாரும் தட்டினார்கள். ஒல்லியும் அவன் முகத்தைப் பார்த்தபடியே தட்டினான். பயில்வானுக்கு நிலம் பிளந்தால் தேவலை என்றிருந்தது.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் ஒல்லியின் வீட்டுக்குப் போனான். ஒல்லி வீங்கிய முட்டிகளின் மேல் ஐஸ் பையை வைத்துக்கொண்டு கட்டிலில் கிடந்தான்.

"ஸ்விட்சை இறக்கினது நான்தான்டா."

"தெரியும்."

"எப்படி?"

"பன்னிரண்டு வருஷமா இதே வேலைதானே பார்க்கறேன்? கோளாறுன்னா கதவுக்கு மேல மாடி நம்பர் காட்டற இடத்துல ஏதாவது எழுத்து மின்னும். அன்னைக்கு அது மொத்தமா இருட்டாச்சு, வராந்தா விளக்கு மட்டும் எரியுது. யாரோ கையால அணைச்சதுதானே?"

"அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா உன்னை வேலையை விட்டு அனுப்பிடுவாங்க. அப்புறம் உன் பொண்ணு ஃபீசுக்கும் சேர்த்து நான்தான் ஏறணும்."

பயில்வானுக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பில்தான் ஒல்லி தன்னை முந்திவிட்டான் என்று நினைத்திருந்தான். மனசிலும் இவன் தன்னைவிடப் பெரியவனாகிவிட்டானே என்று அதற்கும் பொறாமை கிளம்பியது. தலையைக் குனிந்துகொண்டான்.

"கோவமே இல்லையாடா உனக்கு?"

ஒல்லி ஐஸ் பையைத் தூக்கிச் சுவரில் எறிந்தான். "இல்லையா? உன்னை அடிக்கணும் போல இருக்குடா! எழுந்திருக்க முடியல, அதான். மோட்டார் ரூம்ல உட்கார்ந்தவன் விளையாட்டுக்குக்கூட ஸ்விட்சுல கை வைப்பானா? இனிமே உன்னை நம்பி எப்படிக் குழிக்குள்ள இறங்குவேன்? போயிடு. ஒரு மாசம் என்கூட வேலைப் பேச்சைத் தவிர ஒரு பேச்சும் பேசாதே."

பயில்வான் எழுந்து வெளியே வந்தான். அந்த வசவைக் கேட்ட பிறகுதான் நெஞ்சில் அடைத்திருந்தது கொஞ்சம் இறங்கியது. அன்றைக்கே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து முழுதும் கேட்டாள். "பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள் கடைசியில்.

ஒரு மாசம் என்றது இரண்டரை மாசம் ஆயிற்று. குழிக்குள் இறங்குகிற வேலையையெல்லாம் பயில்வானே எடுத்துக்கொண்டான். பதினோரு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தார்கள். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் ஒல்லி தானாகவே வாயைத் திறந்தான்.

"வர்ற வருஷமும் ஏறலாம்னு இருக்கேன்."

பயில்வானின் வயிற்றில் அதே எரிச்சல் சொல்லிவைத்தாற்போல் எழுந்தது. வாயில் இருந்த கவளத்தை மென்று விழுங்கினான்.

"ஏறு. அன்னைக்கு மோட்டார் ரூமுக்கு வேற ஆளைப் போடச் சொல்லு" என்றான்.