நடமாடும் இறாக்கை

மியூரியல் சவப்பெட்டியின் மேல் சாய்ந்து அழுதபோது பெட்டி இரண்டு விரற்கடை நகர்ந்தது.

அழுகை நின்றது. சுற்றியிருந்த பெண்கள் பெட்டியைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுபத்தொரு வருடம் உயிரோடிருந்த ஏர்னெஸ்ட், யாருக்காவது விலகி வழிவிட்டதாகக் கோப்பாயில் ஒரு பேச்சில்லை. செத்த பிறகு மனைவி தொட்டதும் விலகுகிறார் என்றால் அது யோசிக்கவேண்டிய விடயம்தான்.

மகன் பிறேம் வெளியே ஓடிப்போய் ஒரு அரைச் செங்கல்லோடு வந்தான். வெள்ளைத் துணியைத் தூக்கி, கீழே தெரிந்த இரும்புச் சில்லு உருளாமல் அண்டை கொடுத்தான். மியூரியல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

ஹன்னாவின் கண்ணில் அந்தச் சில்லு பட்டுவிட்டது. நல்லூரில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிப்பவள் அவள். செத்தது சொந்த அப்பா என்றாலும், ஒரு சில்லைக் கண்டால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் அவளால் இருக்கமுடியாது.

"உது எங்காலை?" என்று தம்பியிடம் இரகசியமாகக் கேட்டாள்.

"மலர்ச்சாலைக்காரர் கொண்டுவந்த ஸ்ராண்டிலை ஒரு கால் ஆட்டம், அக்கா. கிணத்தடியிலை தறப்பாளாலை மூடி உது கிடந்தது. சரியா ஆறடி. அப்பாவுக்கு அளவெடுத்துச் செய்தமாதிரி."

"சில்லோடையோ?"

"இருக்கிறதைத்தானே வைக்கலாம்."

ஹன்னா மேலே கேட்கவில்லை. அது என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது ஏன் வீட்டுக்கு வந்தது என்பதுதான் தெரியவில்லை.

அது தேவாலயத்துப் பதிவேட்டு அறையில் பதிவேடுகள் அடுக்கும் ஒரு இறாக்கையின் அடிப்பாகம். நூற்றைம்பது வருடத்து ஞானஸ்நானம், கலியாணம், மரணம் எல்லாம் அந்தச் சின்ன அறைக்குள் இருந்தன. இடம் காணாதென்று, ஓய்வுபெற்ற பிறகு ஏர்னெஸ்ட் ஐந்து இறாக்கைகளைச் சில்லுப் பூட்டித் தண்டவாளத்தில் நிறுத்தினார். ஒரு பிடியைச் சுற்றினால் இறாக்கைகள் பக்கவாட்டில் நகர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு வழி திறக்கும். சுன்னாகத்து இரும்பு ஒட்டுவேலைக்காரர் ஒருவரும் அவருமாக ஆறு மாதத்தில் செய்து முடித்தார்கள். அதற்கு அனுமதி எடுக்க இரண்டு வருடம் போயும் முடியவில்லை.

பிழை முதல் சொல்லிலேயே நடந்தது. விண்ணப்பத்தில் ஏர்னெஸ்ட் 'நடமாடும் இறாக்கை' என்று எழுதிவிட்டார். பிரதேச சபையில் நடமாடுகிறவை எல்லாம் ஒரு பிரிவுக்குப் போகும்: நடமாடும் வியாபாரம், நடமாடும் சேவை, நடமாடும் நூலகம். மூன்று மாதம் கழித்து, வாகனப் பதிவு இலக்கத்தையும் சாரதியின் பெயரையும் கேட்டுக் கடிதம் வந்தது. ஏர்னெஸ்ட் பதில் எழுதினார்: 'மேற்படி இறாக்கைக்குச் சாரதி இல்லை. அது இரண்டடி போய், இரண்டடி திரும்பி வரும். வேறெங்கும் போகும் எண்ணம் அதற்கு இல்லை.'

அதன்பிறகுதான் கோப்பு உரிய இடமான தொழில்நுட்ப உத்தியோகத்தர் பரமலிங்கத்திடம் வந்தது. அவர் கட்டட விதிகளைக் கரைத்துக் குடித்தவர். முதல்முறை வந்தபோது, இறாக்கை சரியாமல் தரையோடு பிடிப்பு வேண்டும் என்றார். செய்தார்கள். இரண்டாம்முறை, உள்ளே ஆள் நிற்கும்போது யாராவது பிடியைச் சுற்றினால் நசிந்துபோவார், ஒவ்வொரு இறாக்கைக்கும் காலால் மிதித்துப் பூட்டும் பிரேக் வேண்டும் என்றார். அதுவும் செய்தார்கள். மூன்றாம்முறை அளவு நாடாவை நீட்டினார். திறக்கும் வழி இரண்டடி நாலங்குலம் இருந்தது. மூன்றடி வேண்டும் என்றார்.

"நான் உள்ளுக்கை போய் வாறன்தானே," என்றார் ஏர்னெஸ்ட்.

"நீங்கள் நடந்து வருவியள். ஒராள் விழுந்தா, அவரைத் தூக்கிக்கொண்டு ரெண்டுபேர் வரவேணும்."

"பதிவேடு பார்க்க வாறவன் ஏன் விழுறான்?"

"அதை விதியிலை எழுதேல்லை."

ஒவ்வொருமுறையும் பரமலிங்கம் கோப்பைக் கமக்கட்டில் வைத்து, "சரி, வாறன்," என்று சொல்லிப் போவார். அப்படியென்றால் சரிவரவில்லை, திரும்பவும் வருவார் என்று அர்த்தம். 'வாறன்' என்ற சொல்லைக் கேட்டாலே ஏர்னெஸ்டுக்குப் பிரஷர் ஏறும். ஒரு இறாக்கையைக் கழற்றினால் மூன்றடி தானாக வரும் என்று ஹன்னா சொன்னபோது, தன் ஒரு காலைக் கழற்றச் சொன்னதுபோல அவளைப் பார்த்தார்.

தேவாலயக் கமிட்டிக்கும் பொறுமை போய்விட்டது. இந்த மாதம் முடியுமுன் அமைவுச் சான்றிதழ் வராவிட்டால் இறாக்கைகள் பழைய இரும்புக்கு, பதிவேடுகள் கொழும்புக்கு என்று தீர்மானம் போட்டார்கள். கடைசிப் பரிசோதனை இன்று இரண்டு மணிக்கு. ஏர்னெஸ்ட் நேற்றுக் காலை தேத்தண்ணியைக் கையில் வைத்தபடி போய்விட்டார். அடக்கம் மூன்றரைக்கு.

இரண்டு மணிக்குப் பரமலிங்கத்தின் மோட்டார் சைக்கிள் படலையடியில் நின்றது. பந்தலைக் கண்டு, கோப்பை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். முடியவில்லை. கடைசிக் கதிரையில் இருந்து, கோப்பின் மேலேயே கையை வைத்துக்கொண்டார்.

ஹன்னா தேத்தண்ணியோடு போனாள்.

"எனக்குத் தெரியாது, ரீச்சர். தேவாலயம் பூட்டிக் கிடந்தது. விசாரிச்சுக்கொண்டு வந்தன்," என்றார்.

"திறப்பு என்னட்டைத்தான் கிடக்கு. வாங்கோ, போய்ப் பார்ப்பம்."

"செத்த வீட்டிலை உதைக் கதைக்கக்கூடாது, பிள்ளை."

"அடுத்த மாதம் கதைக்க அங்கை ஒண்டும் இராது. அப்பா எண்டா இவ்வளவுக்கு உங்களைக் கையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு போயிருப்பார்."

பரமலிங்கம் தேத்தண்ணியை ஒரே இழுவையில் குடித்துவிட்டு எழுந்தார். தேவாலயம் மூன்று வளவு தள்ளி. பெரிய மகள் ஆரோ ஒருவரோடு வெளியே போவதைச் சனம் பார்த்தது. ஒரு மணித்தியாலம் கதைக்க அது காணும்.

அறைக்குள் ஹன்னா பிடியைச் சுற்றினாள். இறாக்கைகள் சத்தமில்லாமல் விலகின. நான்குதான் நின்றன. ஐந்தாவது நின்ற இடத்துச் சுவரில் ஏர்னெஸ்டின் கையெழுத்தில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது: '5ஆம் இறாக்கை: கமிட்டிக் கூட்டக் குறிப்புகள். தலைவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டன. அவரே வைத்து வாசிக்கட்டும்.'

பரமலிங்கம் நாடாவை நீட்டினார். "மூண்டடி பத்தங்குலம். கூடவாக் கிடக்கு." குனிந்து ஒவ்வொரு பிரேக்கையும் மிதித்துப் பார்த்தார். பிறகு, "கழட்டின இறாக்கை எங்கை?" என்றார்.

"அப்பா அதிலைதான் கிடக்கிறார்."

அவர் எதையோ எழுத எடுத்த பேனாவைத் திரும்பவும் மூடினார்.

"உயிர் போனாலும் கழட்டமாட்டன் எண்டு நிண்டவர். ஏன் கழட்டினார் எண்டு எனக்கு விளங்கேல்லை, சேர்," என்றாள் ஹன்னா.

பரமலிங்கம் நாடாவைச் சுருட்டினார். பிறகு விரித்தார். திரும்பவும் சுருட்டினார்.

"போன கிழமைக்கு முதல் கிழமை போன் எடுத்தவர். 'பரமலிங்கம், உள்ளுக்கை விழுந்து பார்த்தன். ரெண்டடி நாலங்குலம் காணாது. நீர் சொன்னதுதான் சரி' எண்டார். நான் பகிடி எண்டு நினைச்சுச் சிரிச்சன். அவரும் சிரிச்சார்."

அந்தக் கிழமை அப்பாவின் முழங்கையில் ஒரு பிளாஸ்ரர் இருந்தது. கிணற்றுக் கட்டில் உரசினது என்று சொன்னார். பௌதிகவியல் ரீச்சர் அதை நம்பியிருந்தாள்.

அவள் நடுவழியில் போய் நின்று இரண்டு கைகளையும் விரித்தாள். கைகள் முழுதாக நீளுமுன்பே விரல்கள் இரண்டு பக்கத்துப் பதிவேடுகளிலும் முட்டின. பரமலிங்கம் வெளியே போய்ச் சப்பாத்தை மாட்டத் தொடங்கினார்.

திரும்பி வந்தபோது போதகர் கடைசிச் செபத்துக்கு அங்கியைச் சரிசெய்துகொண்டிருந்தார். பரமலிங்கம் பெட்டியடிக்குப் போய் ஏர்னெஸ்டின் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து துணியைத் தூக்கினார். அரைச் செங்கல்லை எடுத்துக் கமக்கட்டில் வைத்துக்கொண்டு, சில்லுக்குப் பக்கத்திலிருந்த இரும்பை ஒரு மிதி மிதித்தார். 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது.

"இதுக்குப் பிரேக் இருக்கு, தம்பி. கல்லு வைக்கக்கூடாது," என்று பிறேமிடம் மெல்லச் சொன்னார்.

பெட்டியைக் கையால் ஒருமுறை தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை.

பிறகு ஹன்னாவுக்கு முன்னால் வந்து நின்றார். வாயைத் திறந்தார். மூடினார். ஒரு சொல்லும் சொல்லாமல் போனார். சற்று நேரத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

செத்த வீட்டில் 'வாறன்' என்று சொல்லிப் போகக்கூடாது. வேதக்காரரும் சைவக்காரரும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட சில விடயங்களில் அதுவும் ஒன்று. பரமலிங்கம் வழக்கத்துக்காகச் சொல்லாமல் போனாரா, இனி வரத் தேவையில்லை என்று சொல்லாமல் போனாரா? செபம் முழுவதும் ஹன்னா இதையே யோசித்தாள். கடைசி 'ஆமென்' அவளுக்குப் பிந்தித்தான் வந்தது.

கண்ணைத் திறந்தபோது பந்தலின் கடைசிக் கதிரை தெரிந்தது. அதில் ஒரு தாள் கிடந்தது. காற்றுக்குப் பறக்காமல் அதன் மேல் அரைச் செங்கல். கல்லுக்கு வெளியே சபையின் வட்ட முத்திரையின் நீலத்தில் பாதி தெரிந்தது.

பெட்டி தூக்க ஆறுபேர் வந்தார்கள். மூன்றுபேருக்கு இடமிருந்தது. மற்றப் பக்கம் பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை.

"பொறுங்கோ," என்றாள் ஹன்னா.

குனிந்து, செருப்பில்லாத காலால் பிரேக்கை எடுத்தாள். சுவர்ப் பக்கம் கையை வைத்துத் தள்ளினாள். அப்பா எண்ணெய் விட்டிருந்தார். பெட்டி ஒரு சத்தமும் இல்லாமல் விலகியது.

"காணும், அக்கா," என்றான் பிறேம்.

ஹன்னா சுவரையும் பெட்டியையும் பார்த்தாள். "மூண்டடி வரேல்லை. இன்னும் ஒரு நாலங்குலம்," என்று சொல்லித் திரும்பவும் தள்ளினாள்.