வாய்க்காலுக்கு வந்த கப்பல் சட்டம்

"யோவ் கோதண்டம், வெளிய வாய்யா! கப்பலுக்கு மெசின் செய்யிறானாம், கப்பலுக்கு! எங்க வாய்க்காலுக்கு இன்னா செஞ்சு வச்சிக்கீற, அத்த வந்து பாரு!"

"அக்கா, கொஞ்சம் மெதுவா பேசேன். நாளைக்கி நேவி ஆபீசர் வர்றாரு."

"வரட்டுமே! அவருக்கும் சேத்துதான் கத்துறேன்."

முனியம்மாள் போட்ட சத்தத்தில், ஒரகடம் கூட்டு ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாசும் கையுமாக எழுந்து வந்துவிட்டார்கள். டீக்கடைக்காரர் கிளாசை எண்ணிக்கொண்டே பின்னால் வந்தார்.

1984, ஆவணி மாதம். முனியம்மாள் சம்பாவுக்கு நாற்று விட்டுப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. காலையில் நாற்றங்காலில் பாய்ந்த தண்ணீரின் மேல் மயில்கழுத்து நிறத்தில் எண்ணெய் மிதந்தது; இளம் பயிரின் நுனி கருக ஆரம்பித்திருந்தது. இது போனால் மறுபடி விட விதையும் இல்லை, பருவமும் இல்லை. புருஷன் போன பிறகு ஒரு போகம்கூட நிலத்தைச் சும்மா போடாதவள் முனியம்மாள். இதைக் கேட்டவர்களிடமும் சொல்லியிருக்கிறாள், கேட்காதவர்களிடம் அதிகமாகவே சொல்லியிருக்கிறாள்.

கோதண்டமும் இதே ஊர்க்காரன்தான். ரோட்டோரம் மெசின் செய்ய ஷெட் போட்டதிலிருந்து பேன்ட்டைத் தவிர வேறெதுவும் உடுத்துவதில்லை. போர்க்கப்பலின் அடியில் எஞ்சின் எண்ணெயும் தண்ணீரும் கலந்து தேங்குமாம். அதை அப்படியே கடலில் விடக்கூடாது என்று, எண்ணெயையும் தண்ணீரையும் தனித்தனியாகப் பிரிக்க ஒரு மெசின். அதைத்தான் கோதண்டம் ஒரு மாதமாகச் சோதித்துக்கொண்டிருந்தான். சுத்தமாக வந்த தண்ணீரை வாசலில் இருந்த குரோட்டன்ஸ் செடிகளுக்குப் பெருமையாக ஊற்றினான். பிரிந்த எண்ணெய் டிரம்மில் சேர்ந்தது. அதை என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை. ஷிப்ட் முடிந்ததும் ஷெட் ஆள் சுப்பன் டிரம்மை உருட்டிப்போய் வாய்க்கால் மதகடியில் கவிழ்த்துவிட்டு வந்தான். பாடுபட்டுப் பிரித்ததைத் திரும்பத் தண்ணீரிலேயே சேர்த்துவிட்ட கெட்டிக்காரர்கள்!

"அக்கா, உனக்கு வெவரம் தெரியாது," என்றான் கோதண்டம். "கடல் சுத்தத்துக்குப் பல நாடு சேந்து சட்டம் போட்டுக்கீறாங்க. அதுலயே போர்க்கப்பலுக்கு விலக்கு உண்டு. அதக் கேக்கவே ஆளில்ல, தெரியுமா? ஏதோ நேவிக்காரங்க அவங்களா சுத்தமா இருக்கணும்னு மெசின் கேக்குறாங்க. நீ என் ஷெட்டுக்குச் சட்டம் பேசுற."

"கேக்க ஆளில்லாத கப்பலே தானா சுத்தமா இருக்கணும்னு நெனைக்குது. உன்னக் கேக்க நான் நின்னுக்கினு கீறேன். உனக்கு இன்னாய்யா நோவு?"

டீ கிளாஸ்கள் சிரித்தன. கோதண்டம் கதவைச் சாத்திக்கொண்டான்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் கிளாரா முனியம்மாளிடம் வந்து நின்றாள். சுங்குவார்சத்திரத்திலிருந்து கோதண்டத்தின் ஷெட்டுக்கு வந்து போகும் டைப்பிஸ்ட். முனியம்மாளின் மகன் தசரதன் அதே ஷெட்டில் ஃபிட்டர். அவன் சைக்கிளை ஓட்டாமல் தள்ளிக்கொண்டே கிளாராவோடு பஸ் நிறுத்தம்வரை நடப்பது ஊரறிந்த விஷயம். தசரதன் சைக்கிளில் காற்றில்லை என்றுதான் அவன் அம்மா நம்பிக்கொண்டிருந்தாள், மூன்று மாதமாக.

"அத்தை, நேவி அனுப்புன கண்டிஷன நான்தான் மூணு காப்பி அடிச்சேன்," என்றாள் கிளாரா. "நாலாம் பக்கத்துல இருக்குது. பிரிச்ச எண்ணெய கப்பல்லயே தனி டாங்க்ல வைக்கணும். துறைமுகம் வந்ததும் கரையில ஒப்படைக்கணும். கடல்ல ஒரு சொட்டு ஊத்தக்கூடாது."

'அத்தை'யை முனியம்மாள் கவனித்தாள். நாற்று அவசரத்தில் அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்தாள்.

"நாலாம் பக்கமா? நாளைக்கி அந்தப் பக்கத்த எடுத்து வச்சிக்கோ."

மறுநாள் அதிகாரி வந்தார். தூத்துக்குடிக்காரர், மடிப்புக் கலையாத வெள்ளை உடுப்பு. மெசின் ஓடியது. ஒரு குழாயில் பளிங்காகத் தண்ணீர் வர, கோதண்டம் அதை டம்ளரில் பிடித்துக் குடிக்கவே போய்விட்டான். அந்த நேரம் பார்த்து இடுப்பில் குடத்தோடு முனியம்மாள் உள்ளே வந்தாள்.

"ஐயா, கப்பல் தண்ணி சுத்தமாவுறத பாத்தீங்க. எங்கூட்டு நாத்தங்கால் தண்ணியயும் கொஞ்சம் ஊத்திப் பாருங்க."

கோதண்டத்தின் டம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. அதிகாரி தலையசைக்க, தசரதன் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் குடத்தை வாங்கி ஊற்றினான். கண்ணாடிக் குழாயில் கறுப்பாக ஒரு விரற்கடை எண்ணெய் ஏறி நின்றது.

"நாத்தங்கால்ல ஏதும்மா எண்ணெய்?"

"இந்த மெசின் பிரிச்சதுதாங்க. மெசின் மேல ஒரு குத்தமும் இல்ல. பிரிச்சத எங்க வைக்கிறதுன்னுதான் இவங்களுக்குத் தெரில."

கிளாரா நாலாம் பக்கத்தை விரித்து நீட்டினாள். வேலை போனாலும் போகட்டும் என்ற முகம் அது. அதிகாரி ஒருமுறை படித்துவிட்டுக் கோதண்டத்தைப் பார்த்தார்.

"உங்க மெசின் பாஸ். நீங்க இன்னும் பாஸ் ஆகல. எண்ணெய்க்கு டாங்க் கட்டி, யார்கிட்ட ஒப்படைக்கிறீங்கன்னு எழுதிக் காட்டுங்க. அப்புறம்தான் ஆர்டர்."

"மொதல்ல என் நாத்து," என்றாள் முனியம்மாள்.

"ஆமா, மொதல்ல அந்தம்மா நாத்து."

அன்று மதியமே ஷெட் ஆட்கள் மொத்தமும் வாய்க்காலில் இறங்கினார்கள். முனியம்மாள் கரையில் நின்று சொல்லச் சொல்ல, வைக்கோல் பிரி முறுக்கிக் குறுக்கே கட்டி எண்ணெயை ஒற்றி எடுத்தார்கள். பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு கோதண்டமும் இறங்கினான். அதைப் பார்க்க மணிமங்கலத்திலிருந்துகூட ஆள் வந்ததாகக் கேள்வி. ஷெட்டின் போர்வெல் தண்ணீரை நாற்றங்காலுக்குத் திருப்பி, பழைய தண்ணீரை வடித்தார்கள். ஓரத்தில் ஒரு பாத்தி போயிற்று. மற்றதெல்லாம் எட்டாம் நாள் பச்சை கட்டிக்கொண்டு நிமிர்ந்தது. புரட்டாசியில் நடவு. நிலம் அந்த வருஷமும் சும்மா கிடக்கவில்லை. டிரம் எண்ணெய் செங்கல் சூளைக்கு எரிக்கப் போனது; அந்தச் சூளைக்கு ஊரில் 'துறைமுகம்' என்று பெயர் நிலைத்துவிட்டது.

கோதண்டத்துக்கு ஆர்டர் கிடைத்தது. இரண்டே வருஷத்தில் அண்ணா நகரில் வீடு பிடித்துக் குடும்பத்தோடு போய்விட்டான். தசரதனும் கிளாராவும் ஸ்ரீபெரும்புதூர் ரிஜிஸ்டர் ஆபீசில் மாலை மாற்றினார்கள். முனியம்மாள் மூன்று மாதம் பேசவில்லை. நாலாவது மாதம், "அந்தப் பொண்ணு இல்லாட்டி என் நாத்து ஏது?" என்று தானே ஊரெல்லாம் சொல்லிவிட்டு, ஒரு மூட்டை அரிசியோடு போய் அழைத்துவந்தாள். பிறகு கப்பலில் மெசின் பொருத்தும் வேலையாக இருவரும் விசாகப்பட்டினம் போனார்கள். முனியம்மாள் நாற்றங்காலை விட்டு எங்கும் போகவில்லை. அவள் சொல்லி அடுத்தவர் எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் நலம் விசாரிக்கும் முன்பே ஒரு கேள்வி இருக்கும்: அங்க எண்ணெயக் கரையில ஒழுங்கா ஒப்படைக்கிறாங்களா?