சுருங்காத நெற்றி

நான் தேறிவிட்டேன் என்று இவர்களுக்கு யார் சொன்னது? மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்தபடி அவள் நினைத்தாள். முகம் சுளிக்க முடியாமல் போனால் மனச்சோர்வும் குறையும் என்று நான்கு மாதத்துக்கு முன் புருவங்களுக்கு நடுவே, தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி போட்டார்கள். சுருக்கம் போனது, பாரம் அப்படியே கிடந்தது. முன்பெல்லாம் அவள் முகத்தைப் பார்த்துக் கணவன், "என்ன, உடம்பு சரியில்லையா?" என்றாவது கேட்பான். ஊசிக்குப் பிறகு அதுவும் நின்றுபோனது.

"நெத்தி இஸ்திரி போட்ட மாதிரி இருந்துச்சு டாக்டர், வீடே நிம்மதியா இருந்துச்சு. இப்ப மறுபடி சுருங்குது. இன்னொரு ஊசி போட்டுடுங்க," என்றான் பக்கத்தில் நின்ற கணவன்.

மருத்துவர் பேனாவோடு குனிந்தார். "எங்க, கொஞ்சம் முகத்தைச் சுளிங்கம்மா. ஊசி போடற இடத்துல புள்ளி வைக்கணும்."

அவள் சுளிக்கவில்லை.

"வேணாம் டாக்டர்," என்றாள் மெதுவாக. "இந்தச் சுருக்கம் எனக்கு இருக்கட்டும்."