சரிவு காலி

மாலை நாலரைக்குக் ஆட்களை மேலே தூக்கிப்போகும், கம்பியில் தொங்கும் நாற்காலி வண்டி நின்றுவிடும். அதன்பிறகு நாங்கள், பனிச்சறுக்குச் சரிவின் காவலர்கள், உச்சியிலிருந்து இறங்கியபடியே எல்லாரையும் கீழே அனுப்புவோம். கடைசியாக நான் வாக்கி டாக்கியில் “சரிவு காலி” என்று சொன்னால்தான் அலோய்ஸ் பனியைச் சமன்செய்யும் வண்டியை எடுப்பான்.

செங்குத்தான இடத்தில் அந்த வண்டி தானாக ஏறாது. மேலே ஒரு தூணில் இரும்பு வடத்தை மாட்டி, அதைச் சுருட்டிக்கொண்டே ஏறும். வடம் ஒரு கிலோமீட்டர் நீளம், சுண்டுவிரல் பருமன். தளர்ந்திருக்கும்போது பனிக்குள் புதைந்து கிடக்கும். வண்டி இழுத்தால் கழுத்துயரத்துக்கு எழும்பும். அந்தி வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. வேகமாக இறங்கி வருபவனுக்குத் தலை மிஞ்சாது.

எங்கள் டிரோல் மலையில் இது குழந்தைக்கும் தெரியும். நடுச்சரிவில் பீர்க் குடில் நடத்தும் செராஃபினுக்கும் தெரியும். என்னோடு பள்ளியில் படித்தவன்.

குடிலுக்குள் ஆள் இருக்கிறதா என்பதை வாசலில் ஸ்கீ என்னும் சறுக்குப் பலகைகளைச் சாத்தும் சட்டமே சொல்லிவிடும். ஸ்கீ இல்லையென்றால் ஆளும் இல்லை. அன்று சட்டம் வெறுமையாக இருந்தது. “சரிவு காலி” என்றேன்.

கீழே வந்து ஸ்கீயைக் கழற்றும்போது மேலிருந்து அக்கார்டியன் கேட்டது. வாக்கி டாக்கியை எடுத்தேன்.

“அலோய்ஸ், நிறுத்து. ஆள் இருக்கு.”

“காலின்னு நீதானே சொன்ன?”

“சொன்னேன். நிறுத்து.”

பனி ஸ்கூட்டரில் சரிவின் ஓரமாக ஏறினேன். குடிலின் விறகுக் கொட்டகையைத் திறந்தேன். விறகின்மேல் பதினொரு ஜோடி ஸ்கீ, அழகாக அடுக்கியிருந்தது.

“வா ரெகினா, ஒரு ஷ்னாப்ஸ் ஊத்தட்டுமா?” என்றான் செராஃபின்.

“வெளிய ஸ்கீக்குக் குளிருதுன்னு உள்ள வெச்சியாடா?”

“யாரோட பொறந்தநாளோ. அரை மணி நேரம். இத்தனை வருஷத்துல ஒண்ணும் ஆகலையே.”

“நாங்க தேடித்தேடி அனுப்பினதால ஆகல. நீ ஒளிச்சு வெச்சதால இல்ல.”

அக்கார்டியன் நின்றது. அவன் சட்டையைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்துப் போனேன். குடிலின் விளக்கு வெளிச்சத்தில் விறைத்து நின்ற வடம் அவன் மார்புக்கு மேலே இருந்தது. கதவைத் திறந்து பார்க்காமல் போன என்மேலும் அதே ஆத்திரம்.

ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கக் காட்டுப் பாதையில் நடக்கச் சொல்லி எல்லாரையும் அனுப்பினேன். வாசலில் நின்று வாக்கி டாக்கியை செராஃபின் கையில் திணித்தேன்.

“இன்னைக்கு நீ சொல்லு. உன் வாயால.”

“காலியா?” என்று அதில் கேட்டான் அலோய்ஸ்.

செராஃபின் பொத்தானை அழுத்தினான். வடத்தைப் பார்த்தான். பிறகு கொட்டகையைப் பார்த்தான். விறகின்மேல் ஒரு ஜோடி ஸ்கீ மிச்சமிருந்தது.

பொத்தானை விட்டுவிட்டு உள்ளே ஓடினான். கழிப்பறைக் கதவை அவன் இரண்டு கையாலும் தட்டுவது வெளியே கேட்டது.