ஜூஹர் பக்கத்துச் சுவர்

ஆண்கள் மொட்டைமாடிக்கு ஏறுவதானால் படிக்கட்டின் அடியிலிருந்தே "வழி, வழி!" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் ஏறுவார்கள். எங்கள் பழைய கோட்டை நகரமான கஸ்பாவில் மாடி பெண்களுடையது. துணி காயப்போடுவதும் தலை உலர்த்துவதும் வம்பு பேசுவதும் அங்கேதான். அந்தக் குரலை நம்பித்தான் அன்று காலை பத்தரை மணிக்கு நான் வாளியோடு மாடியில் நின்றேன். எங்கள் வீட்டுக்கும் ஜூஹர் வீட்டுக்கும் பொதுவான சுவர் மாடித் தரையைத் தொடும் மூலையில், என் கணவர் ஸ்லிமான் உளியால் கொத்திவைத்த பிளவில், துணி அலசிய தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தேன். கடைசி வாளி. கீழே முற்றத்தில் ஸ்லிமான், வீட்டின் உறுதியைச் சோதிக்க வரும் நகராட்சி இன்ஜினியருக்குக் காபி கொடுத்துப் பேச்சில் பிடித்துவைப்பார். இன்ஜினியர் படியேறும்போது குரல் கேட்கும். நான் வாளியை ஈரத் துணிகளுக்குப் பின்னால் தள்ளிவிடுவேன். எல்லாம் பேசிவைத்ததுதான். இன்ஜினியர் பெண்ணாக வருவாள் என்று மட்டும் நாங்கள் நினைக்கவில்லை. பெண் எதற்குக் குரல் கொடுக்க வேண்டும்?

"செடிக்கா ஊத்துறீங்க அக்கா?"

திரும்பினால் ஒருத்தி நின்றாள்; முப்பது வயதுகூட இருக்காது, தலையில் முக்காடு, காலில் கனத்த பூட்ஸ், கையில் பெயிண்ட் டப்பா. எங்கள் மாடியில் செடி என்று ஒரு புல்கூடக் கிடையாது. நான் வாளியைக் கீழே வைத்தேன்.

நாங்கள் பிறவித் திருடர்கள் இல்லை. எவனோ ஒரு கடற்கொள்ளைத் தலைவன் கட்டிய வீடு என்று வழிகாட்டிகள் வெள்ளைக்காரர்களை எங்கள் வாசலில் நிறுத்திச் சொல்வார்கள். அவர்களும் பளிங்குத் தூணைத் தடவிப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். சந்து முனையில் உலகப் பாரம்பரியச் சொத்து என்று பலகைகூட உண்டு. "உலகத்துக்கே சொந்தமாம் இந்த வீடு. மழை பெய்ஞ்சா மட்டும் நமக்குச் சொந்தம்" என்பார் ஸ்லிமான். பதினைந்து வருடம் முன்பு நகராட்சிக்காரர்கள் முட்டுக்கொடுத்துவிட்டுப் போன மரங்களை இப்போது கரையான் தின்கிறது. சோதிக்க வரும் இன்ஜினியர் வாசலில் பச்சை பூசினால் வீடு நலம், ஆரஞ்சு பூசினால் ரிப்பேர் செய்துகொண்டு கிட, சிவப்பு பூசினால் புறநகரில் மூன்று அறை உள்ள புது வீடு. என் மகள் நெஸ்ரின் ராத்திரி மூச்சு விடும்போது உலர்ந்த இலையைக் கசக்குவது போலச் சத்தம் வரும். டாக்டர் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்துவிட்டு, கடைசியில் வீட்டை மாற்றுங்கள் என்றார். போன முறை எங்களுக்கு ஆரஞ்சு. அதன் பிறகுதான் நான் வாளியைத் தூக்கினேன். வேண்டுமென்றே வீட்டைக் கெடுத்தது தெரிந்தால் புது வீட்டுப் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள், பிறகு ஆயுளுக்கும் கிடையாது. அதுவும் தெரிந்துதான் தூக்கினேன்.

அவள் என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. குனிந்து பிளவில் விரலை விட்டுப் பார்த்தாள். சின்னச் சுத்தியலால் தட்டினாள். பிறகு முழங்கால் உயரக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஜூஹரின் மாடிக்குப் போய், அந்த வீட்டுப் படி வழியாக இறங்கிவிட்டாள். கால் மணி நேரம் இருக்கும். திரும்பி வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"எத்தன மாசமா ஊத்துறீங்க?"

"எட்டு."

"உங்க பக்கம் சுவரு கல்லு மாதிரி இருக்கு. இந்தத் தளம் அந்தப் பக்கம் சரிஞ்சிருக்குக்கா. ஒரு சொட்டுத் தண்ணி உங்க பக்கம் வரல. அவங்க சுவரு உள்ள சேறாக் கிடக்கு. அங்கதான் அவங்க படுக்குறாங்களா?"

தலையை ஆட்டினேன். எட்டு மாதமாக என் வீட்டை இடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு எவள் வீட்டையோ இடித்திருக்கிறேன். எவள் வீட்டை? ஜூஹர் வீட்டை. நெஸ்ரின் பிறந்தபோது நாற்பது நாள் எனக்குச் சோறு வடித்துப் போட்டவள் வீட்டை.

"அது விழுந்தா உங்களுதும் நிக்காது. ரெண்டு வாசலுக்கும் சிவப்புதான்" என்றாள். பிறகு வாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "துவைக்கிறவங்க வீட்டுல வாளி இருக்கும். நான் அத எழுதப் போறதில்ல. ஆனா அந்தம்மா இப்பவே வெளிய வரணும். சாயங்காலம் வரைக்கும்கூட என்னால சொல்ல முடியாது."

ஆக, கேட்டது கிடைத்துவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

ஜூஹர்தான் வர மறுத்தாள். நான் இறங்கி அவள் வீட்டுக்குப் போனபோது, சுவரோரக் கட்டிலுக்கு நாலடி தள்ளி, எண்ணெய்க் கையோடு ரவை மாவை மெல்லிசாக இழுத்துக்கொண்டிருந்தாள். தக்காளியும் வெங்காயமும் வைத்து மடித்துச் சுட்டு, மதியம் சந்து முனையில் விற்பாள். பையன்கள் இரண்டு பேரும் கடல் தாண்டி மார்செய்யில். ஐம்பத்தாறு வயதில் தனியாக இருந்தாலும் அவள் சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்கும். கதவருகில் இன்ஜினியரோடு வந்த நகராட்சி எழுத்தர் கோப்போடு நின்றார். அவருக்குப் பின்னால் ஸ்லிமான்.

"இந்த நாடகமெல்லாம் எங்கிட்ட வேணாம் மகளே" என்று இன்ஜினியரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள் ஜூஹர். "போன வருஷம் எதிர்வீட்டுக்காரன் கடப்பாறையால இடிச்சிட்டு, பூமி ஆடுச்சுன்னான். அப்பவும் ஒரு இன்ஜினியர் வந்து இப்பிடித்தான் கையப் பெசஞ்சாரு. இந்தச் சந்துல இருக்கிற விரிசல் பூராவும் கைவேலை. எஞ்செவுத்துல எவன் கை வச்சான்? யாரும் வைக்கல. அப்ப அது விழாது."

"அம்மா, நான் தட்டிப் பாத்தேன்..."

"நீ தட்டுனா அது சத்தம் போடத்தான் செய்யும். முந்நூறு வருஷமா நிக்குது. துருக்கிக்காரன் போனான், பிரெஞ்சுக்காரன் போனான், அது நிக்குது. புது வீடுன்னு எங்கயோ நாலாவது மாடியில கொண்டுபோய் வச்சா நான் யாருக்கு ரொட்டி சுடுறது?"

எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். "கட்டாயமா வெளியேத்தப் போலீஸ் உத்தரவு வாங்க நாளைக்கு ஆகும்" என்றார். இன்ஜினியர் என்னைப் பார்த்தாள். ஸ்லிமானும் என்னைத்தான் பார்த்தார். வாயைத் திறக்காதே என்று கண்ணைக் காட்டினார். அவரையும் குற்றம் சொல்ல மாட்டேன். ராத்திரியில் மகள் முதுகை நீவிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் அவர்தான்.

"வஹீபா, நீயாவது இந்தப் பொண்ணுகிட்டச் சொல்லேன்" என்றாள் ஜூஹர், மாவிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஊரு பூரா பித்தலாட்டம் பண்ணட்டும். நம்ம ரெண்டு வீட்டுலயும் அதெல்லாம் கிடையாதுன்னு சொல்லு."

அவள் இன்னொரு உருண்டையை எடுத்து இழுத்தாள். பத்து உருண்டைகளாவது மிச்சம் இருந்தன. பத்தும் முடிகிற வரை எழுந்திருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். நெஸ்ரின் இந்நேரம் பள்ளிக்கூடத்தில் ஜன்னல் பக்க பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். அவளிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். அதற்குமேல் யோசித்தால் சொல்ல மாட்டேன் என்று பயமாக இருந்தது.

"நாந்தான் கை வச்சேன் ஜூஹர்."

"என்னது?"

"மாடியிலேருந்து தண்ணி ஊத்துனேன். எட்டு மாசமா. எங்க வீடு விழுந்தாத் தேவலைன்னு ஊத்துனேன். எல்லாம் உன் பக்கம் எறங்கியிருக்கு. இது நாடகம் இல்ல. எந்திரி."

"அவளுக்கு ஒடம்பு சரியில்ல, என்னமோ பேசுறா" என்றார் ஸ்லிமான் எழுத்தரிடம். எழுத்தர் கோப்பைத் திறந்து எங்கள் தாளைத் தேட ஆரம்பித்திருந்தார். ஸ்லிமான் அந்தத் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஜூஹர் எழுந்தாள். கத்துவாள், அடிப்பாள் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் நேரே கட்டிலுக்கு மேலிருந்த சுவரிடம் போய், எண்ணெய்க் கையை அதில் வைத்து, எடுத்து, உள்ளங்கையைப் பார்த்தாள்.

"மூணு தடவ சுண்ணாம்பு அடிச்சேன் இதுக்கு" என்றாள். குரல் உயரவேயில்லை. "ஏன் இப்பிடி வேர்க்குதுன்னு ஒவ்வொரு தடவையும் உங்கிட்டதான் கேட்டேன். குளிர்காலம்ல, அதான்னு சொன்ன. ஏணியப் புடிச்சுக்கிட்டு நின்ன."

அவள் அடுப்பை அணைத்தாள். மீதி உருண்டைகள் காயாமல் இருக்க ஈரத்துணி போட்டு மூடினாள், ஏதோ அரை மணியில் திரும்பப்போகிறவள் போல. என் தோளில் படாமல் ஒதுங்கி, ஸ்லிமானைத் தாண்டி, சந்தில் இறங்கினாள். "அக்கா, நீங்களும் வெளிய வாங்க! உடனே!" என்று இன்ஜினியர் வெளியிலிருந்து கத்தினாள்.

நான் கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். கட்டிலில் அவள் தலையணை இருந்தது. தலை வைத்த குழி அப்படியே இருந்தது. சுவரிலிருந்து சுண்ணாம்பு சத்தமில்லாமல் உதிர்ந்து அந்தக் குழிக்குள் விழுந்துகொண்டிருந்தது, முதலில் பொடியாக, பிறகு விரல்நுனி அளவுச் சில்லுகளாக.